நல்ல இடம் பார்த்து வைத்த விதைக்கிழங்கு

ஓசூரில் நாராயணப்பனின் உருளைக்கிழங்குக் குளிர்கிடங்கைப் பார்த்துக்கொண்ட சிங்கராயரைப் பற்றிக் கேட்டால், நல்ல மனுஷன், ஆனால் கிடங்குக்குள் போனால் லேசில் வெளியே வரமாட்டார் என்பார்கள். உண்மைதான். ஐம்பத்தாறாம் வருஷம் அந்த ஊரில் சித்திரை வெயிலிலும் பனி பார்த்தவர் அவர். பார்த்தவர் சொக்கிப்போனார்.

கிடங்கின் சுவரோரம் மேலிருந்து கீழ்வரை குழாய்கள் ஓடின. வெளியே எண்ணெய் என்ஜின் ஓட ஓடக் குழாய்கள் குளிர்ந்து, அவற்றின்மேல் பனி படியும். முதலில் சர்க்கரை தூவியதுபோல் இருந்தது. போகப்போக நாலு விரல் கனம் ஏறிவிட்டது. மத்திகிரி மாதா கோயிலில் கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பஞ்சை ஒட்டிவிட்டுப் பனி என்பார்கள். இங்கே நிஜப் பனி, அதுவும் அவர் பொறுப்பில். கம்பளியைப் போர்த்திக்கொண்டு மூட்டைமேல் உட்கார்ந்துவிடுவார். விளக்கொளியில் அந்த வெள்ளையில் லேசாக நீலம் தெரியும். என்ஜின் சத்தம் வேறெந்த ஊரிலிருந்தோ வருவதுபோல் கேட்கும். அவர் ஏறாத மலைகளும் போகாத தேசங்களும் அந்த வெள்ளைக்குள் மெதுவாக வந்துபோகும். வெளியே வந்தாலும் மனசு கேட்காது. இன்னொருதரம் கதவைத் திறந்து எட்டிப்பார்ப்பார். திறக்கும்போதெல்லாம் வெளிக்காற்றின் ஈரம் உள்ளே புகுந்து பனியோடு பனியாக ஒட்டியது. அவருக்கு அதுவும் சந்தோஷம்தான்.

பனி கூடினால் குளிரும் கூடும் என்று நம்பினார். யார்தான் நம்பமாட்டார்கள்?

சுமைதூக்கும் ராமப்பனோடுதான் அவருக்குத் தகராறு. மூட்டைகள் ஏறி இறங்கும் வழியோர மூலையில் அவன் குழாயை உரசி உரசிப் பனியை உதிர்த்துவிடுவான்.

"ஏய் ராமப்பா, கண்ண எங்க வெச்சிருக்க? பனிய ஒடைக்காதடா."

"எடமே இல்ல மேஸ்திரி. நாளைக்கு மறுபடி வந்துரும் போங்க" என்று சொல்லிவிட்டு, மிச்சத்தைக் கன்னடத்தில் முணுமுணுத்துக்கொண்டு போவான்.

அந்த வருஷம்தான் சிங்கராயரின் மனைவி அற்புதமேரி முதல்தடவையாகச் சொந்தமாக உருளைக்கிழங்கு போடப்போகிறாள். அதுவரை அடுத்தவர் கொல்லையில் கூலிக்குக் கிழங்கு எடுத்தவள். மத்திகிரியில் ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து, விதைக்கிழங்காகப் பொறுக்கி நாலு மூட்டை கட்டிக் கணவரிடம் கொடுத்தாள்.

"நல்ல எடமாப் பாத்து வைங்க" என்றாள்.

விதை கெட்டால் நிலம் சும்மா கிடக்கும். அவள் மறுபடி கூலிக்குப் போகவேண்டியதுதான். சிங்கராயர் பனி மிக அடர்ந்திருந்த சுவரோரமாக, இருப்பதிலேயே வெள்ளையான இடத்தில் நாலு மூட்டையையும் வைத்தார். விதைக்கு ராஜ மரியாதை.

நடவுக்கு ரெண்டு மாசம் இருக்கையில் என்ஜின் திணற ஆரம்பித்தது. முன்பெல்லாம் மத்தியானத்தில் ஓய்வெடுக்கும் என்ஜின் இப்போது ராப்பகலாக ஓடியும் சுவரில் மாட்டியிருந்த வெப்பமானியில் பாதரசம் இறங்கவில்லை. நாராயணப்பன் எண்ணெய்ப் பீப்பாயைத் தட்டித் தட்டிப் பார்த்து முகம் சுளித்தார். சிங்கராயர் பழியை என்ஜின்மேல் போட்டார். ஒருநாள் ஏதோ சந்தேகம் வந்து அற்புதமேரியின் மூட்டையைப் பிரித்தார். கிழங்குகள் முளைவிட்டிருந்தன. முளை நீண்டுவிட்டால் நடவுக்குள் கிழங்கு வற்றிப்போகும், விதைக்கு ஆகாது. பக்கத்து மூட்டையும் அப்படியே. ராமப்பனின் மூலைக்கு ஓடினார். அங்கே ஒரு கிழங்குகூட முளைக்கவில்லை. மூட்டை தொட்டால் ஜில்லென்றிருந்தது. பின்னால் குழாய் மொட்டைக் கறுப்பாக நின்றது.

தன் உடம்பில் கிடந்த கம்பளியைக் குனிந்து பார்த்தார். அது உடம்புச் சூட்டை வெளியே விடாததுபோல், பனி குழாயின் குளிரை வெளியே விடவில்லை என்று மெல்ல விளங்கியது. நாலு விரல் கனத்துக்குப் போர்த்திவிட்டு இத்தனை நாளும் அழகு பார்த்திருக்கிறார். அழுகை வந்துவிட்டது.

என்ஜினை நிறுத்திவிட்டு ராமப்பனோடு சேர்ந்து மரக்கட்டையால் பனியைத் தட்டினார். கடப்பாரை பட்டால் குழாய் ஓட்டையாகிவிடும். பாளம் பாளமாக விழுந்தது. அவர் பார்த்த தேசங்களெல்லாம் கூடையில் ஏறி வெளியே போய் வெயிலில் தண்ணீராயின. பிறகு அந்தக் கம்பளியையே கிழித்து, காற்று புகும் கதவு இடுக்கு நெடுக ஆணி வைத்து அடித்தார். ரெண்டு நாளில் பாதரசம் இறங்கியது, என்ஜினும் மத்தியானத்தில் ஓய்ந்தது.

அற்புதமேரியிடம் அவர் எதையும் ஒளிக்கவில்லை. அவள் வந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, மூட்டைகளைக் கொட்டிப் பொறுக்கினாள். நீளமாக முளைவிட்டவை ஒரு பக்கம், இப்போதுதான் தலைகாட்டியவை இன்னொரு பக்கம். பாதிக்குக் கொஞ்சம் மேலே தேறியது.

"அழகா இருந்துச்சு மேரி" என்றார். "அதான் நல்ல எடம்னு நெனச்சிட்டேன்."

அவள் நிமிரவில்லை. கை விறைத்துப்போய் ஊதிக்கொண்டாள். தேறிய கிழங்கை மூட்டையில் போட்டு வாயைக் கட்டினாள்.

"இத வெச்சுப் பாதி நெலம் போடலாம். அடுத்த வருஷம் எங்க வைப்பீங்க?" என்று கேட்டாள்.

அடுத்த வருஷம் என்று அவள் சொன்னதும் சிங்கராயர் அவள் கட்டிய மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

"ராமப்பன் சொல்ற எடத்துல" என்றார்.