கிளிக்கு விட்ட தோட்டம்

தேவாரத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருந்த தன் திராட்சைத் தோட்டத்தை மாமா காடாக்கப் போகிறார் என்ற செய்தி வந்தபோது அம்மா கேட்ட முதல் கேள்வி, "எங்க அண்ணனுக்கு ஒடம்புக்கு ஏதும் செய்யுதா?" என்பதுதான். நான் அப்போது நான்காம் வகுப்பு.

மாமாவுக்கு ஒன்றுமில்லை. கிணறு வற்றியிருந்தது. கொடிகள் நோயில் போயிருந்தன. அடித்த மருந்துக்கு மண்புழுகூட மிஞ்சவில்லை. இனி இந்த மண்ணை அதன் போக்கில் விட்டுவிடுவது என்று தீர்மானித்துவிட்டார். ஒன்றைத் தீர்மானித்த பிறகு அவர் அதை வானிலை அறிக்கை வாசிப்பதைப் போலத்தான் சொல்வார்: மரம் வரும், தண்ணீர் நிற்கும், பறவை வரும்.

சிக்கல் மேல் நிலத்தில் இருந்தது. அது மாமாவின் சித்தப்பாவுடையது. எனக்குச் சின்னத் தாத்தா. மலையிலிருந்து இறங்கும் ஓடை அந்த நிலத்தின் வழியாகத்தான் வரும். அதை மறித்துவிட்டால் மாமாவின் காடு வெறும் பொட்டல். கம்பத்திலிருந்து ஒருவர் அங்கே ஆழ்துளைக் கிணறு போட்டு வாழை வைக்கக் குத்தகை கேட்டுக்கொண்டிருந்தார்.

சின்னத் தாத்தா ஊர் முன்னால் வைத்துச் சொன்னார்: "ஒரு வருசம் சும்மா விடுறேன். கிளி, குருவிண்டு எதுனாச்சும் வந்துச்சுன்னா அதுகளே ஆளட்டும். வரலையா, வாழைக்குக் குடுத்துருவேன். அப்பறம் ஏங்கிட்ட மூஞ்சியத் தூக்கிக்கிட்டு நிக்கக் கூடாது."

மாமா உடனே ஒத்துக்கொண்டார். வீட்டுக்கு ஒரு கன்று என்று ஊரே வந்து நட்டது. நாவல், அத்தி, புங்கன், இலந்தை. விதிகள் மூன்று: புல்லை வெட்டக்கூடாது, ஆடு மாடு விடக்கூடாது, மருந்து அடிக்கக்கூடாது. நான்காவதாக ஒன்று தேவைப்படும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

வருடம் ஓடியது. கன்றுகள் இடுப்புயரம் வந்தன, குட்டையில் தவளை வந்தது. ஓரத்தில் கிளிக்கென்றே விதைத்த சோளம் கதிர் முற்றி நின்றது. கிளி, குருவியை மட்டும் காணோம். தண்ணீர் ஊற்றப் போய்வரும் அத்தையிடம் மாமா தினமும் கேட்பார். "ஒண்ணும் தங்கலைங்க" என்பாள்.

கெடு முடிந்த அன்று விடியற்காலையில் எல்லோரும் போனோம். பேசக்கூடாது என்று மாமா உத்தரவு. பழைய திராட்சைப் பந்தலின் கல்தூண்கள் ஓரமாக நாற்பது ஐம்பது பேர் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தோம்.

வெளிச்சம் பரவியதும் மலைப்பக்கமிருந்து கீச்சுச் சத்தம் கேட்டது. பச்சையாக ஒரு கூட்டம் தாழ்ந்து வந்து சோளத்தின் மேல் வளைந்தது.

"ஏய்ய்ய்... ஹோ!"

சின்னத் தாத்தாதான் முதலில். அடுத்த கணம் ஊரே எழுந்து கை தட்டியது. அம்மா கூவினாள், நான் கூவினேன், ஒருவர் சாப்பாட்டுத் தூக்கின் மூடியைத் தட்டினார். கிளிகள் கதிரில் கால் வைக்காமலே திரும்பி மலைக்குப் போய்விட்டன.

யார் மேலும் குற்றமில்லை. பன்னீர்த் திராட்சை பழுக்கும் மாதங்களில் எங்கள் பக்கம் பிள்ளைகள் பேசுவதற்கு முன்பே தகரம் தட்டப் பழகிவிடும். கிளியைக் கண்டால் கை தானாகச் சேரும்.

மாமா மட்டும் கொதித்துப்போனார். "சின்னையா, வேணும்ண்டே வெரட்டுறீக! வாழைக்கு விடத்தேன இம்புட்டும்?"

அத்தை குறுக்கே வந்தாள். "அவுகள ஏன் வையிறீக? நீங்களுந்தேன் தட்டுனீக. நாம் பாத்தேன்."

மாமா தன் கைகளைப் பார்த்தார்.

"தெனமுந்தேன் வருதுக. தண்ணி ஊத்த வரையில நாந்தேன் வெரட்டிவிட்டுட்டு வாறேன்" என்ற அத்தை, சொன்ன பிறகுதான் தான் சொன்னதைக் கேட்டவள்போல வாயைப் பொத்திக்கொண்டாள்.

முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. எல்லோரும் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. சின்னத் தாத்தா சிரிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மாமாவிடம் வந்தார்.

"ஏலே, வந்தாத்தேன வெரட்ட முடியும்? வந்துருச்சுல்ல. கம்பத்துக்காரர வேற எடம் பாக்கச் சொல்லிரு."

கூட்டம் கலைந்து சாப்பாட்டைப் பிரிக்கப் போய்விட்டது. சின்னத் தாத்தா மட்டும் தன் நிலத்தின் வரப்பில் தனியாகப் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு கிளி திரும்பி வந்தது. பிறகு இரண்டு. கதிரைக் கொத்தி உதிர்க்கும் சத்தம் எனக்கே கேட்டது. அவர் இரண்டு கைகளையும் கக்கத்துக்குள் இறுக்கி வைத்துக்கொண்டு, அசையாமல், அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தாத்தாவுக்குக் குளிர்கிறது என்று நினைத்தேன். ஓடிப்போய் அம்மாவின் சால்வையை வாங்கிவந்து கொடுத்தேன்.

"வேணாம் ஆத்தா" என்றார், கைகளை எடுக்காமலே.