ஏட்டையா பாதியில் எழுந்துபோன தொடர்

கராமாவில் நான் இருந்த அறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி உண்டு. அதில் முதுகு சாயாமல், இரண்டு கைகளையும் தொடைமேல் வைத்துக்கொண்டு, யாரோ மேலதிகாரி கூப்பிட்டு உட்காரச் சொன்ன மாதிரி உட்கார்ந்துதான் ஏட்டையா டிவி பார்ப்பார். கட்டிலில் வந்து சாய்ந்து பாருங்கள் என்று எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். "இருக்கட்டும்ணே, ஸ்டேஷன்ல யாராச்சும் சாஞ்சுக்கிட்டா உக்காருவாங்க?" என்பார். டிவியில் ஓடுவது இங்கிலாந்தில் ஏதோ ஒரு சின்ன ஊரின் போலீஸ் ஸ்டேஷன். பார்க்கிற இடம் துபாய். பார்க்கிற ஆளோ போலீஸே இல்லை. ஜெபல் அலியில் எங்கள் கம்பெனிக் கிடங்கின் வாசலில் கேட்டைத் திறந்து மூடி, வருகிற வண்டி, போகிற வண்டியின் நம்பரை எழுதிவைக்கிற காவலாளி.

ஏட்டையா என்ற பெயரை வைத்தவன் நான்தான். அவர் ராமநாதபுரம் பக்கத்து ஆள், என்னைவிட இரண்டு வயது இளையவர். போலீஸ் தேர்வுக்கு மூன்று முறை போய், மூன்று முறையும் உயரத்தில் ஒரு விரல்கடை குறைந்து திரும்பியவர். கடைசி முறை அளந்தபோது குதிகாலை லேசாகத் தூக்கியதாகவும், அளந்த ஆள் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்ததாகவும் அவரே ஒருநாள் என்னிடம் சொன்னார். சொல்லியிருக்கக் கூடாத ஆளிடம் சொல்லிவிட்டார். மறுநாளே கிடங்கு முழுக்க அவருக்கு ஏட்டையா என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. மலையாளிகளும் பட்டான்களும்கூட அர்த்தம் தெரியாமல் 'ஏட்டையா பாய்' என்று கூப்பிட்டார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாமல், ஏட்டையா என்றால் உடனே திரும்புகிற அளவுக்கு அந்தப் பெயர் அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. எனக்கு இதிலும் ஒரு சிரிப்பு.

அப்போதெல்லாம் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. அவர் தங்கியிருந்த தொழிலாளர் கேம்பில் டிவி இருந்தது, ஆனால் இருபது பேர் சேர்ந்து கிரிக்கெட்தான் பார்ப்பார்கள். அதனால் மதியம் சாப்பிட்டு, குளித்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு மெட்ரோவில் ஏறி என் அறைக்கு வந்துவிடுவார். நான் என் ஆங்கிலத்தைத் தீட்டிக்கொள்வதற்காக அந்தத் தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேனேஜர் பதவிக்கு ஆங்கிலம் சரளமாக வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஏட்டையாவுக்கு ஆங்கிலம் அறவே வராது. நான்தான் நடுநடுவே தமிழில் சொல்வேன். அதில் வருகிற இன்ஸ்பெக்டர் தொப்பை போட்டவர். மழைக்கோட்டில் எப்போதும் ஒரு பொத்தான் இருக்காது. மேலதிகாரி அவரை மனுஷனாகவே மதிக்க மாட்டார். முக்கியமான விசாரணை நடக்கும்போது டீ வாங்கிவர அனுப்பிவிடுவார். இவரும் வாயைத் திறக்காமல் போவார். அந்த டீக்கடைக்காரப் பெண்ணோடு கேக் பற்றிப் பேசுவார், மாட்டுக்காரனோடு மாடு பற்றிப் பேசுவார். அதட்டல் கிடையாது, அடி கிடையாது, துப்பாக்கியைக் கண்ணால்கூடப் பார்க்க முடியாது. கடைசியில் உண்மை இவரிடம்தான் வந்து சேரும். பேர் வாங்குவது மட்டும் மேலதிகாரி.

"நாசமாப் போறவன்" என்று ஏட்டையா அந்த மேலதிகாரியை வாய்விட்டுத் திட்டுவார். மற்றபடி சாதுவான மனிதர். பாஷை புரியாததால் முகங்களை மட்டும் பார்த்துக்கொண்டே இருந்து, பாதிக் கதையிலேயே குற்றவாளியைக் கையால் காட்டிவிடுவார். பத்துக்கு எட்டு சரியாக இருக்கும். எப்படி என்று கேட்டேன். "இவரு எல்லாரையும் கடைசிவரைக்கும் பேச விடுறாருண்ணே. அவங்கவங்க பேசுற மாதிரியே இவரும் பேசுறாரு. அப்பப் பொய் சொல்றவனுக்கு மட்டும்தான் வேர்க்கும்" என்றார். கேட்டை மூடுகிற ஆளுக்கு என்னவொரு ஆராய்ச்சி என்று நான் அறைத்தோழனிடம் சொல்லிச் சிரித்தேன்.

என் வேலை முறையை இங்கே சொல்லியாக வேண்டும். கிடங்கில் நான் இன்சார்ஜ். வந்த புதிதில் தமிழ் ஆட்களுக்கு மட்டும் லேசான வேலை கொடுக்கிறேன் என்று யாரோ மேலே போட்டுக்கொடுத்தார்கள். அன்றிலிருந்து கிடங்குக்குள் தமிழே பேசுவதில்லை என்று முடிவெடுத்தேன். தமிழனிடமும் இந்திதான். அவனுக்கு இந்தி வருமா வராதா என்பது என் பிரச்சினை இல்லை. எனக்கு நன்றாக வந்தது, அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது.

லோடிங்கில் ஒரு பெரம்பலூர்க்காரர் இருந்தார். நாற்பது வயதிருக்கும். வந்து எட்டு மாதம். அவருடைய இந்தி நம் ஆட்கள் பலருடைய இந்திதான்: போனது, போகிறது, போகும் எல்லாவற்றுக்கும் 'ஜானா' ஒன்றுதான். ஒருநாள் மதியம் பன்னிரண்டு கார்ட்டன் வாசனைத் திரவியம் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. விலை உயர்ந்த சரக்கு. மேனேஜர் ஒரு லெபனான்காரர், ஆங்கிலமும் அரபியும் மட்டும்தான் தெரியும். அந்த வரிசையில் வேலை பார்த்தவர் என்பதால் பெரம்பலூர்க்காரரை மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். நான் பக்கத்தில் நின்று, என் வழக்கப்படி, இந்தியில் கேட்டேன். அவர் கொஞ்சமும் பதறாமல், "ஹம் உட்டாயா சார். கல் ஜானா" என்றார்.

இந்தியில் 'உட்டாயா' என்றால் தூக்கினதும்தான், எடுத்ததும்தான்; 'கல்' என்றால் நேற்றும்தான், நாளையும்தான். கூட வருகிற வினையை வைத்துத்தான் எது என்று தெரியும். அந்த வினைதான் அவரிடம் இல்லையே. நான் அரை நொடிகூட யோசிக்கவில்லை. மேனேஜர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், என் ஆங்கிலம் தடையில்லாமல் வர வேண்டும் என்பது மட்டும்தான் எனக்குக் கவலை. இவர்தான் எடுத்திருக்கிறார், நேற்றே வெளியே போய்விட்டது என்று அழகான ஆங்கிலத்தில் சொன்னேன். முந்தின நாள் கணக்குப்படி எந்தச் சரக்கும் வெளியே போகவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்; அப்படியானால் திருட்டாகத்தான் போயிருக்க வேண்டும். அப்புறம் என்ன, ஆளே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. மேனேஜர் ஏதோ கேட்கக் கேட்க, பெரம்பலூர்க்காரர் மரியாதைக்காக "அச்சா, அச்சா" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். போலீஸுக்குப் போக வேண்டாம், விசாவைக் கேன்சல் பண்ணி அனுப்பினால் போதும் என்று மேனேஜர் முடிவு செய்தார். அதை என்னுடைய சிபாரிசு என்று நினைத்து நான் உள்ளுக்குள் பெருமைப்பட்டேன். வெட்கம்கெட்டவன்.

அவரைக் கேம்புக்கு ஏற்றிப்போன வண்டியை ஏட்டையா கேட்டில் நிறுத்தி, என்ன விஷயம் என்று அவரிடமே கேட்டிருக்கிறார். தமிழில். இரண்டே நிமிடம். உடனே என்னிடம் ஓடிவந்தார். மஸ்கட்டுக்குப் போகிற சரக்கோடு அந்தப் பன்னிரண்டையும் சேர்த்து ஏற்றச் சொன்னதாக நினைத்துப் பெரம்பலூர்க்காரர் கண்டெய்னரில் தூக்கி வைத்துவிட்டாராம். நாளைக்குப் போகும் என்பதைத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறார். கண்டெய்னர் சீல் வைத்து, இதோ யார்டில் நிற்கிறது. "ஒரே ஒருதடவை சீலை உடைச்சுப் பாத்துருவோம் சார்" என்றார். மூச்சு வாங்கியது அவருக்கு.

பார்த்திருக்கலாம். அறுபது அடி நடந்தால் கண்டெய்னர். ஆனால் சீலை உடைத்தால் சுங்கத்துப் பேப்பர் எல்லாம் மறுபடி முதலிலிருந்து, வண்டி தாமதம், எல்லாவற்றுக்கும் மேல் மேனேஜரிடம் போய் நான் சொன்னது தப்பு என்று சொல்ல வேண்டும். பதவி உயர்வுக் கடிதம் வரப்போகிற மாதம் அது. "நீங்க கேட்டைப் பாருங்க ஏட்டையா. டிவில பாக்குறதையெல்லாம் இங்க காட்டாதீங்க" என்றேன். கிடங்குக்குள் நான் தமிழ் பேசியது அன்று ஒருநாள்தான், அதுவும் இதற்காக. பக்கத்தில் நின்ற இரண்டு தமிழ் ஆட்கள் சிரித்தார்கள். அவர் வாசலுக்குத் திரும்பிப் போனார். மறுநாள் காலை அந்தக் கண்டெய்னர் வெளியே போனபோது கேட்டைத் திறந்துவிட்டவரும் அவர்தான். அதற்கு இரண்டாம் நாள் பெரம்பலூர்க்காரரை விமானம் ஏற்றினார்கள். போகும் முன் என்னைப் பார்க்க வேண்டும் என்று கெஞ்சியிருக்கிறார். நான் கூட்டத்தில் இருப்பதாகச் சொல்லச் சொன்னேன்.

அடுத்த வாரம் மஸ்கட்டிலிருந்து எனக்கு மெயில் வந்தது. பன்னிரண்டு கார்ட்டன் அதிகமாக வந்திருக்கிறது, என்ன செய்யலாம் என்று. உடனே எழுந்து மேனேஜர் அறைக்குப் போயிருந்தால் ஒரு மனிதனைத் திரும்பக் கூப்பிட்டிருக்கலாம், குறைந்தது அவர் பெயரையாவது துடைத்திருக்கலாம். நான் அடுத்த சரக்கில் கழித்துக்கொள்ளச் சொல்லிப் பதில் போட்டுவிட்டு, அந்த மெயிலை அழித்தேன்.

அந்த வெள்ளிக்கிழமையும் ஏட்டையா வந்தார். நான் அவசர அவசரமாகத் தொடரைப் போட்டேன். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "மஸ்கட்ல எறங்கிருச்சாம்ணே. டிரைவர் சொன்னாரு" என்றார். கலாஸ், முடிந்த கதை, இனிமேல் கிளறினால் எல்லோருக்கும்தான் கஷ்டம் என்று என்னென்னவோ சொன்னேன். அவர் கடைசிவரைக்கும் என்னைப் பேச விட்டார். ஏசி ஓடிக்கொண்டிருந்தது, எனக்கு வேர்த்தது. நான் முடித்ததும் எழுந்தார். இன்ஸ்பெக்டர் அப்போதுதான் ஒரு வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார், குற்றவாளி யார் என்று இன்னும் தெரியவில்லை. "வர்றேன் சார்" என்றார். அந்த அறையில் அவர் என்னைச் சார் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு வரவில்லை. நான்கு மாதம் கழித்து ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போய்விட்டார். அவர் மேனேஜரிடம் சொல்லிவிடுவாரோ என்று அந்த நான்கு மாதமும் நான் பயந்ததுதான் மிச்சம். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, இடையில் நின்று மொழிபெயர்க்க வேண்டியவன் நான்.

எனக்குப் பதவி கிடைத்தது. இப்போது விடுமுறை ஞாயிற்றுக்கிழமை, மெட்ரோவில் நான் ஏறுவதில்லை, பிள்ளைகள் என்னிடம் ஆங்கிலத்தில்தான் பேசுகிறார்கள். எனக்குச் சொந்த ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். லீவுக்குத் திருச்சியில்தான் இறங்குவேன். வடக்கே ஒரு மணி நேரம் போனால் பெரம்பலூர். ஒவ்வொரு தடவையும் டாக்ஸிக்காரரிடம் தெற்கே போகச் சொன்னேன். போன வருடம்தான், என்ன தோன்றியதோ, வடக்கே போகச் சொன்னேன். பழைய கம்பெனிப் பதிவில் இருந்த ஊர்ப் பெயரை வைத்து விசாரித்துக் கண்டுபிடித்துவிட்டேன். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

அவர் குட்டியானை வண்டி வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்து, "வாங்க சார், வாங்க" என்று ஓடிவந்து நாற்காலி போட்டார். நான் ஆரம்பிக்கும் முன் அவரே அந்தக் கதையை எடுத்தார். திரும்பி வந்த புதிதில் ஊரில் திருடன் என்றே பேச்சாகிவிட்டதாம். மாப்பிள்ளை வீட்டார் இவருடைய தங்கை கல்யாணத்தைத் தள்ளிப்போட்டார்களாம். நாலைந்து மாதம் கழித்து ஒருநாள் ஏட்டையா காக்கிப் பேன்ட் போட்டுக்கொண்டு வந்து இறங்கி, நேரே டீக்கடைக்குப் போய், இருந்தவர்கள் எல்லோர் முன்னாலும் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். பெட்டி பன்னிரண்டும் மஸ்கட்டில் பத்திரமாக இருக்கிறது, இவர் எதையும் தொடவில்லை என்று. துபாய் போலீஸிலிருந்தே ஏட்டையா வந்துவிட்டார் என்று ஊர் நம்பிவிட்டதாம். இவர் 'ஏட்டையா' என்று கூப்பிட்டதுதான் காரணம். அவர் மறுக்கவில்லையாம். கல்யாணமும் நடந்தது. ஏட்டையா இப்போது எங்கே என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை, வைத்திருந்த நம்பர் வேலை செய்யவில்லை.

"ஒண்ணே ஒண்ணுதான் சார் எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியலை. நான் சொன்னதை நீங்க மேனேஜர்கிட்ட சரியாத்தான் சொல்லியிருப்பீங்க, அப்புறம் யாரு அதை அப்படி மாத்திச் சொன்னது? ஏட்டையாகிட்ட கேட்டேன், தெரியாதுன்னுட்டாரு. நீங்கதானே பக்கத்துல நின்னீங்க, உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சந்தேகமாகப் பார்க்கவில்லை, அதுதான் கொடுமை. தமிழில்தான் கேட்டார். நானும் தமிழில்தான் பதில் சொன்னேன்.

"தெரியலையேப்பா. ரொம்ப நாளாச்சு."

"பரவாயில்லை சார், இவ்வளவு தூரம் தேடி வந்தீங்களே, அதுவே போதும்" என்றார். கிளம்பும்போது ஒரு சாக்குப் பை நிறையச் சின்ன வெங்காயத்தைத் தானே தூக்கிவந்து காரில் வைத்தார். வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொண்டேன்.