தம்பியின் பெயரைக் கொடுத்தேன்

தோட்டத்து வீடு இலவசம் என்று பட்டணத்தில் இருப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அப்படியெல்லாம் இல்லை. வீட்டில் ஒருவர் பெயராவது செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலையாட்களின் பதிவில், இருந்தாக வேண்டும். அந்தப் பெயர் போனால் லயத்து வீடும் போய்விடும். கோலசிலாங்கூர் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் இதைப் பிறந்த குழந்தைகூட அறியும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அப்பாவுக்கு வயதாகிவிட்டதென்று அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். அம்மா மூச்சிரைப்பால் அதற்கு முன்பே வேலையை விட்டிருந்தார். மிச்சம் இருந்தது என் பெயர்தான். மூன்றாம் பாரப் பரீட்சையில் கோட்டைவிட்டு, பதினாறு வயதிலிருந்து ரப்பர் மரம் சீவிக்கொண்டிருந்தேன். என்னைவிட இரண்டு வயது சின்னவனான தம்பி ஐந்தாம் பாரப் பரீட்சை எழுதிவிட்டு, சிங்கப்பூரைக் கனவு கண்டுகொண்டிருந்தான்.

அவன் மட்டுமா? திடலோரத்தில் சாயங்காலம் கூடுகிற பையன்களுக்கு அதைத் தவிர வேறு பேச்சே கிடையாது. போகிற கட்சி ஒன்று, போகாத கட்சி ஒன்று. தீபாவளிக்கு ஜீன்ஸும் சென்ட்டுமாக வந்து இறங்குகிறவர்களைப் பார்த்து முதல் கட்சி வாயைப் பிளக்கும். இரண்டாவது கட்சி, "அங்க என்னா இருக்கு? எச்சி துப்புனாக்கூட ஃபைன்லா" என்று சிரிக்கும். தம்பி முதல் கட்சிக்குத் தலைவன் மாதிரி. கப்பல் பட்டறையில் இருந்த ஒரு கூட்டாளி அவனுக்கு இடம் பார்த்துத் தருவதாகச் சொல்லியிருந்தான். பாஸ்போர்ட்டும் எடுத்துவிட்டான்.

பெண்கள் கட்சியை யாரும் கேட்கவில்லை. குழாயடியில் நாங்களும் அதையேதான் பேசினோம். எங்களுக்குச் சம்பளம் இரண்டாம் பட்சம். விடியுமுன் பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்று பெயர் கொடுக்க வேண்டாம், நரைத்த தலை அப்பனை வேலை வாங்குகிற மண்டோர் 'வாடா' என்று கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம். அது போதும் எங்களுக்கு.

வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள். ஆண்பிள்ளை போவான், நான் சீவிக்கொண்டிருப்பேன், வீடு நிற்கும். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் கத்துவேன் என்று அவர்களுக்குத் தெரியும்.

அந்தச் சமயம்தான் சிங்கப்பூர் எலக்ட்ரானிக் தொழிற்சாலை ஒன்றுக்குப் பெண்கள் வேண்டுமென்று கோலசிலாங்கூரில் ஒரு கடை மாடியில் ஆள் எடுத்தார்கள். சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனேன். கண்ணைப் பரிசோதித்தார்கள். பூதக்கண்ணாடிக்குள் தலைமயிர் அளவுக் கம்பியைக் கொடுத்து ஓர் ஓட்டையில் நுழைக்கச் சொன்னார்கள். மரத்துக்குக் காயம்படாமல் பட்டையைச் சீவிப் பழகிய கைக்கு அது ஒரு வேலையா? அங்கேயே எடுத்துக்கொண்டார்கள். பஸ்ஸில் திரும்பும்போது தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த கிழவர் இடம் மாறி உட்கார்ந்தார்.

நான் போக வேண்டுமென்றால் என் இடத்தில் இன்னொரு பெயர் வேண்டும். வீட்டில் மிச்சம் இருந்தது ஒரே பெயர்.

தம்பி கெர்லிங்கில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த மூன்று நாளில் அதைச் செய்தேன். தோட்டத்து ஆபிஸ் சன்னலுக்கு முன்னால் நின்று, "அடுத்த மாசத்துலேருந்து எனக்குப் பதிலா தம்பி பேரப் போட்டுக்குங்கையா" என்றேன்.

பதிவு எழுதும் கிராணி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "தம்பிக்குத் தெரியுமாம்மா?"

"தெரியுங்கையா. அவன்தான் சொல்லச் சொன்னான்."

நாக்கு கூசவில்லை. அதுதான் இன்றுவரை எனக்கு உறுத்துகிறது. பொய் சொன்னதைவிட, அது அவ்வளவு சுலபமாக வந்ததுதான்.

அன்றைக்குச் சாயங்காலமே விஷயம் அப்பா காதுக்குப் போய்விட்டது. "எவனக் கேட்டுடி பேர மாத்துன?" என்று குதித்தார். தம்பியைக் கேட்டுத்தான் என்றேன். அவன் வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் அன்றிரவு சோறு தின்னவில்லை. அவன் இல்லையென்று சொன்னால் ஆபிஸில் பெயரை மாற்றி எழுத ஐந்து நிமிடம் போதும். என் சிங்கப்பூர் அத்தோடு சரி.

மறுநாள் மத்தியானம் கையில் லட்டுப் பொட்டலத்தோடு தம்பி வந்தான். வாசற்படி ஏறுவதற்குள் அப்பா பிடித்துக்கொண்டார்.

"செக்ரோலுல ஒன் பேரு ஏறியிருக்கு. நீயாடா குடுக்கச் சொன்ன?"

தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பாவைப் பார்த்தான். அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தான். அப்புறம் புரிந்துவிட்டது. புரிந்ததை அவன் முகத்திலேயே பார்த்தேன்.

"ஆமாப்பா. நான்தான் சொன்னேன். அக்கா போவட்டும்."

லட்டை அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனான். என்னிடம் அவன் கேட்டது ஒன்றுதான், அதுவும் இரண்டு நாள் கழித்து: "எப்பக்கா பஸ்ஸு?"

நான் போனேன். சிங்கப்பூருக்கு இக்கரையில், ஜொகூர் பாருவில் எட்டுப் பெண்கள் ஒரு வீட்டில் இருந்தோம். பெரட்டுக்கு எழுந்ததைவிட ஒரு மணி நேரம் முன்னாலேயே எழுந்து, தொழிற்சாலை பஸ்ஸில் தூங்கி வழிந்தபடி பாலத்தைத் தாண்டி, தினமும் பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கினோம். அங்கேயும் வரிசைதான். ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். எனக்கு அந்த ஊர் பிடித்திருந்தது. பிடிக்கவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

நான் சீவிய மரங்களையே தம்பிக்குக் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு தீபாவளிக்கும் நான் வரும்போது அவன் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்சி மாறியிருந்தான். மூன்றாவது வருஷம் போகாத கட்சிக்கு அவனே தலைவன். திடலில் அவன் குரல்தான் பெரிசாகக் கேட்கும். "சிங்கப்பூர்ல மனுசன் இருப்பானா? தூங்குறதுக்கு பெர்மிட்டு வேணும்லா!" எல்லாரும் சிரிப்பார்கள். ஜீன்ஸ் போட்டு வந்தவன் தலையைக் குனிந்துகொள்வான்.

நாலாவது வருஷத் தீபாவளியன்று, வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது சொன்னேன். வரும்போதே தீர்மானித்துக்கொண்டு வந்தது அது.

"நான் திரும்பி வந்துடுறேன்டா. கிராணிகிட்ட என் பேரக் குடுக்குறேன். எங்க பக்கத்துப் பட்டறையில ஆம்பள ஆளு எடுக்குறாங்க. நீ போ."

கடித்த முறுக்கை மென்று முடித்தான். கோபித்துக்கொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் தோளைத் தட்டி, ஏதோ எனக்குத்தான் ஆறுதல் வேண்டியிருப்பது போல, மெதுவாகச் சொன்னான்.

"அங்க போறவனுங்களக் கேலி பண்ணிப் பண்ணித்தான்க்கா நாலு வருஷம் இங்க இருந்தேன். இப்ப நானே பையத் தூக்கிக்கிட்டுப் போனா, இத்தன நாளு என்னா வயித்தெரிச்சல்ல பேசுனேன்னு எல்லாத்துக்கும் தெரிஞ்சிரும்லா. இனிமே என்னால முடியாது."

அப்போது அவனுக்கு வயது இருபத்திரண்டு.