பால்குடமும் பெர்த்திலிருந்து வந்த சன் கிரீமும்

ஜெயலெட்சுமி வெயிலுக்குப் பயந்து வாழ்ந்தவள். பாயான் லெப்பாஸ் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் பதினோரு வருடம் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, மைக்ரோஸ்கோப்பில் பார்த்துப் பார்த்துத் தலைமுடியைவிட மெல்லிய கம்பியை ஒட்டியவள். ஜன்னலே இல்லாத அந்தக் கூடத்தை நாங்கள் எல்லோரும் திட்டுவோம், அவள் மட்டும் திட்டமாட்டாள். அவளுக்கு லூப்பஸ் என்ற நோய். வெயில் பட்டால் முகம் சிவந்து தடிக்கும், மூட்டுகள் வீங்கும், கடைசியில் சிறுநீரகத்தையே பிடித்துவிடும். எண்பத்தேழாம் வருடம் அப்படித்தான் பிடித்தது. பிழைப்பாளா என்று தெரியாமல் ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

அப்போது அவள் கணவர் பக்கிரிசாமி தண்ணீர்மலை முருகனிடம் வேண்டிக்கொண்டார். பெண்டாட்டி பிழைத்து எழுந்தால் தைப்பூசத்துக்கு அவளே வெறுங்காலோடு நடந்து வந்து பால்குடம் எடுப்பாள் என்று. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். நல்ல மனிதர், அவள்மேல் உயிரையே வைத்திருந்தவர். ஆனால் வெயில் ஆகாதவளை வெயிலில் நடத்துகிறேன் என்று சாமிக்கு வாக்குக் கொடுத்த மனிதரை நான் என்னவென்று சொல்வது?

டாக்டர் கூடவே கூடாது என்றதால் இரண்டு தைப்பூசம் தள்ளிப்போயிற்று. மூன்றாவது வருடம் ஜெயாவுக்கே பொறுக்கவில்லை. சாமி காரியத்தைப் பாக்கி வைத்துக்கொண்டு தொண்டையில் சோறு இறங்கவில்லை என்றாள். அவளுக்கு இருந்த தைரியமெல்லாம் ஒரு சன் கிரீம் போத்தல்தான். அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பார்க்க வந்த அண்ணன் பெர்த்திலிருந்து கொண்டுவந்தது. வெளிநாட்டுச் சாமான் ஆயிற்றே, நம்மவர்கள் சும்மா எடுத்துப் பூசிவிடுவார்களா? வீட்டுக் கூடத்துக் கண்ணாடி அலமாரியில், கல்யாண போட்டோவுக்கும் பீங்கான் கோப்பைகளுக்கும் நடுவில் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார்கள். தினமும் மத்தியான வெயில் ஜன்னல் வழியாக நேராக அதன்மேல் விழும். நல்ல நாளுக்கு இருக்கட்டும் என்று ஜெயா அதைத் தொடவே இல்லை.

தைப்பூசத்தன்று விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் மலையேறிவிடலாம் என்பது கணக்கு. கிரீம் ஒரு பாதுகாப்புக்கு. துணைக்கு நானும் போயிருந்தேன். மூடியைத் திறந்து கவிழ்த்ததும் முதலில் மஞ்சளாக எண்ணெய் வந்தது. பிறகு திரிந்த பால்போலக் கட்டிகட்டியாக விழுந்தது. சிக்குப் பிடித்த எண்ணெய் நாற்றம். கெட்டுப்போனதுபோல இருக்கிறதே என்றேன்.

"மூடி சீல இப்பதானலா ஒடைச்சோம், தங்கச்சி. தொறக்காத சாமான் எப்படி கெட்டுப்போவும்?" என்றார் பக்கிரிசாமி.

நான் வாயை மூடிக்கொண்டேன். நேர்த்திக்கடனுக்குப் புறப்படும் வீட்டில் அபசகுனமாகப் பேசக்கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்து வளர்த்திருக்கிறார்கள். அந்த வளர்ப்பை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது. போத்தலைக் குலுக்கி, மீதி வைக்க வேண்டும் என்று கடலையளவு எடுத்து முகம் முழுவதும் தேய்த்துக்கொண்டாள் ஜெயா.

அந்த வருடம் கூட்டம் நகரவே இல்லை. எட்டு மணிக்குப் பாதி வழிகூடத் தாண்டவில்லை. ஒன்பதரைக்கு வெயில் சுள்ளென்று அடித்தது. நான் விரித்த குடை காவடிகளில் மாட்டியது, மடக்குங்கள் என்று தொண்டர்கள் சத்தம் போட்டார்கள். முதலில் அவள் மூக்கு சிவந்தது. பிறகு இரண்டு கன்னமும். குடத்தை வாங்கிக்கொள்ளுங்கள் என்று பக்கிரிசாமியைப் பிடித்து உலுக்கினேன். அவர் கை நீட்டினார், ஆனால் அவள் கொடுக்கவில்லை. வேண்டியபடி செய்யாவிட்டால் போன உயிர் திரும்ப வந்ததற்கு அர்த்தமே இல்லை என்றாள். தண்ணீர்ப் பந்தல் நிழலில் ஒரு நிமிடம் நிற்கக்கூட மறுத்துவிட்டாள். பால் அபிஷேகமாகி முடிந்தபோது மணி பதினொன்றரை. அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

பத்தாம் நாள் கால் வீங்கியது. சிறுநீரில் இரத்தம். மறுபடி அதே ஆஸ்பத்திரி. என்ன பூசினீர்கள் என்று டாக்டர் கேட்டதால் பக்கிரிசாமி போத்தலைக் கொண்டுவந்தார். டாக்டர் அதைக் கவிழ்த்து அடியைக் காட்டினார். தேதி முடிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. திறந்தாலும் திறக்காவிட்டாலும் சூட்டில் மருந்து செத்துவிடும் என்றார். புதிதாக இருந்தாலும் அந்தக் கடலையளவு ஒரு கன்னத்துக்குக்கூடக் காணாது, பூசாமல் போனதும் இதுவும் ஒன்றுதான் என்றார். எங்களில் ஒருவருக்கும் அந்தப் போத்தலைத் திருப்பிப் பார்க்கத் தோன்றியதில்லை.

டாக்டர் போனதும் பக்கிரிசாமி கட்டிலருகே நின்று கண்ணை மூடினார். கை கூப்பினார், உதடு அசைய ஆரம்பித்தது. ஜெயா வீங்கிய விரல்களால் அந்தக் கைகளைப் பிடித்துப் பிரித்தாள்.

"ஏங்க, வேண்டிக்கிறதுன்னா நீங்க நடக்கிறதா வேண்டிக்கங்க. என் காலக் கொடுக்காதீங்க."

அவர் மறுபடியும் கை கூப்பினார். நான் வராந்தாவுக்குப் போய் அழுதேன்.

அடுத்த தைப்பூசத்தில் பக்கிரிசாமி மொட்டை போட்டுக் காவடி எடுத்தார். ஜெயா வீட்டில் ஜன்னலைச் சாத்திவிட்டு மத்தியானம் வரை தூங்கினாள்.