நோரா வீட்டு அடுப்பு

நோரா கடையில் பேசமாட்டாள். ரொட்டியை விரலால் காட்டுவாள், காசைக் கொடுப்பாள், தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்துவிடுவாள். பர்மிங்காமில் அவள் வீட்டு மாடி அறைக்கு நான் குடிவந்த புதிதில், பாவம், பல்வலி போலிருக்கிறது என்று நினைத்தேன். வீட்டிலோ அவளுக்கு வாய் ஓயாது. ஒருநாள் கேட்டேவிட்டேன். அவள் சொன்னதை எங்கள் லயத்துப் பேச்சிலேயே எழுதுகிறேன். என் நினைவில் அப்படித்தான் தங்கியிருக்கிறது. “வாயத் தொறந்தா அயர்லாந்துக்காரின்னு தெரிஞ்சிரும், மேரி. எப்போ ஊருக்குத் திரும்பப் போறன்னு கேப்பாங்க. ஒனக்கென்ன, வாய மூடிக்கிட்டு இருந்தாலும் நெறமே சொல்லிரும். ஒனக்கு அந்தக் கஷ்டம் இல்ல.”

ஊரில் இதை வாசிப்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். மூணாறுக்கு மேலே தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர் வரிசை வீடொன்றில் பிறந்து, துரை வீட்டுக் குழந்தைகளுக்கு ஆயாவாகக் கப்பலேறியவள் நான். எங்களுக்கு வெள்ளைக்காரர் எல்லாரும் துரைதான். அவர்களுக்குள்ளும் அயலார் உண்டு என்பது எனக்குப் புதிது. ஆனால் நோரா பட்ட சங்கடம் புதிதல்ல. மூணாறு கடைத்தெருவில் மலையாளிகள் எங்களைத் தமிழர் என்று இளக்காரமாகப் பாண்டி என்பார்கள். தென்காசிப் பக்கம் அப்பாவின் ஊருக்குப் போனால், “மலையாளத்துக்காரி வந்துட்டாடே” என்பார்கள்.

குழந்தைகள் விடுதிப் பள்ளிக்குப் போனதும் ஆயா வேலை முடிந்தது. ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் சேர்ந்தேன். ஞாயிறு பூசைக்கு நோராதான் அழைத்துப்போனாள். அந்தக் கோயிலில் பெரும்பாலும் அயர்லாந்துக்காரர்கள். பூசை மட்டும் எங்கள் தோட்டத்துக் கோயிலில் கேட்ட அதே இலத்தீன். பூசைக்குப் பிறகு பக்கத்துக் கூடத்தில் தேநீர். கூச்சத்தில் நான் சுவரோடு ஒட்டி நிற்பதைப் பார்த்து, பெரிய கெட்டிலைத் தூக்கி என் கையில் கொடுத்தாள். ஊற்றுகிறவளுக்குப் பேச்சு வேண்டாம். சில மாதங்களில், “மேரி, இங்க ஒரு கப்பு!” என்று கூப்பிடத் தொடங்கினார்கள். ஊரைவிட்டு வந்தபின் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட கூட்டம் அது ஒன்றுதான்.

ஒரு குளிர்கால மாலை வேலை முடிந்து வந்தபோது, நோரா கோட்டு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். அயர்லாந்தில் அவள் அம்மா இறந்துவிட்டதாகத் தந்தி. மறுநாளே அடக்கம், கப்பல் பிடித்தாலும் போய்ச் சேர முடியாது. சாமியாரிடம் பூசைக்குச் சொல்லிவிட்டு, நாலு வீட்டுக்கும் சொல்லிவிட்டு வருவதாகக் கிளம்பினாள். உள்ளே போனால் அடுப்பு எரிகிறது. பெரிய பானையில் பன்றித் தொடை வேகிறது. பக்கத்தில் கெட்டில். துக்கத்தில் நிதானமிழந்து அடுப்பை மூட்டிவிட்டாள் என்றே எனக்குப் பட்டது.

ஊரில் என் அப்பா இறந்த அன்று பக்கத்து வீட்டு ஆரோக்கியம் அக்கா ஓடிவந்து, எரிந்த விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தாள். “ஏ புள்ள, அடுப்புல கைய வச்சிராத, என்ன? எழவு வீட்ல ஒல வைக்கவா? நாங்கள்லாம் எதுக்கு இருக்கோம்? கஞ்சி வந்துரும்.” அடக்கம் முடியும்வரை எங்கள் வீட்டில் புகை எழவில்லை. நாங்கள் தனியாக இல்லை என்பதை அந்த அணைந்த அடுப்புதான் சொன்னது.

அதையே நான் நோராவுக்குச் செய்தேன். அடுப்பை அணைத்தேன். குளிர்காயும் கணப்பையும் சாம்பல் போட்டு மூடினேன். வருகிறவர்கள் சாப்பாடு கொண்டுவருவார்கள் என்று நம்பி ஜெபமாலையோடு உட்கார்ந்தேன்.

நோராவோடு வந்தவர்கள் கொண்டுவந்தது பாட்டில்களும் ஒரு வயலினும்தான். சாவு வீட்டில் தீ எரிய வேண்டும், வந்தவர் வயிறு நிறைய வேண்டும், இறந்தவரைப் பற்றிச் சிரித்துப் பேச வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அம்மாவின் உடல் கடலுக்கு அப்பால் கிடந்தாலும், அந்தக் கூட்டத்தையாவது இங்கே கூட்டத்தான் நோரா ஓடியிருக்கிறாள். மைக்கேல் என்ற கொத்தனார் கைகளைத் தேய்த்துக்கொண்டு, கேலியாகத்தான் கேட்டார்: “என்ன நோரா, தீயும் இல்ல, தீனியும் இல்ல, வீடு மாறி இங்கிலீஷ்காரன் வீட்டுக்குள்ள நொழஞ்சிட்டமா?”

எல்லாரும் சிரித்தார்கள். நோரா அடுப்பைப் பார்த்தாள்.

“யாரு அணைச்சது?”

“நான்தான். எங்க ஊர்ல...” என்று தொடங்கினேன். என் ஆங்கிலம் கடைக்குப் போதும், சாவுக்குப் போதவில்லை.

“எங்க அம்மாவுக்கு நான் செய்ய இருந்தது இந்த ஒரு சாயங்காலந்தான், மேரி.”

மறுபடி மூட்டினோம். இறைச்சி வேக நேரமாகும். அவர்களுக்கோ விடிந்தால் வேலை. கோட்டைக் கழற்றாமலே இருந்துவிட்டு ஒவ்வொருவராகப் போனார்கள். வயலினைப் பெட்டியிலிருந்து யாரும் எடுக்கவில்லை. அதன்பின் கோயில் கூடத்தில் கெட்டிலை வேறொருத்தி தூக்கினாள். யாரும் என்னை ஏசவில்லை. பேர் சொல்லிக் கூப்பிடவும் இல்லை.

அடுத்த மழைக்காலத்தில் என் அம்மா போய்விட்டதாக அண்ணன் தந்தி அடித்தான். தாளை நோராவிடம் நீட்டினேன். படித்தாள், அடுப்பை மூட்டினாள், கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். சாயங்காலம் வீடு நிறைந்துவிட்டது. “ஒங்க அம்மாவப் பத்திச் சொல்லு,” என்றார் மைக்கேல். காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கிக் கங்காணியின் தொப்பிக்குள் போட்டவள் அவள் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். வீடே அதிரச் சிரித்தார்கள். நோரா ஒரு தட்டு இறைச்சியை என் மடியில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

அந்நேரம் எங்கள் லயத்து வீட்டில் அடுப்பு ஈரமாகக் கிடந்திருக்கும். நோரா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு துண்டை எடுத்து மென்று விழுங்கினேன். சூடாக இருந்தது. அம்மாவுக்காக அங்கே அடுப்பை அணைத்துவைக்க வேண்டியவள், அம்மாவுக்காகவே இங்கே அடுப்பில் வெந்த இரண்டாவது துண்டையும் எடுத்தேன்.