கள்ளக்குறிச்சியில் எலி அடித்த ஞாயிற்றுக்கிழமை

கல்வராயன் மலை பார்க்கத்தான் போனோம் என்று எழுதினால் பாதிப் பொய். மலை ஒரு சாக்கு. கள்ளக்குறிச்சியில் வாழ்க்கைப்பட்ட என் மகள் கவிதாவுக்குப் பெண் குழந்தை பிறந்து ஐந்து மாதமாகியும் என் வீட்டுக்காரர் பேத்தியை நேரில் பார்க்கவில்லை. பொங்கல் கழிந்த சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு, கடலூரிலிருந்து அவரை ஒருவழியாகக் கிளப்பினேன்.

பார்க்காததற்குக் காரணம் உண்டு. அவர் தனியார் பஸ் ஓட்டியவர். போன ஆடியில் லேசாகப் பக்கவாதம் வந்து இடது பக்கம் இழுத்துக்கொண்டது. அதனால் எங்கள் வீட்டில் நடக்க வேண்டிய தலைப்பிரசவம் அவள் மாமியார் வீட்டிலேயே நடந்தது. நான் மட்டும்தான் வந்து போனேன். இப்போது கால் சரியாகிவிட்டது. கையும் நன்றாகத்தான் வேலை செய்கிறது, பயம்தான் மிச்சம் என்கிறார் பயிற்சி கொடுக்கிறவர். ஆனால் ஒரு நாள் அந்தக் கையிலிருந்து டம்ளர் நழுவி உடைந்தது. அன்றிலிருந்து கை பேன்ட் பையை விட்டு வெளியே வருவதே இல்லை. மகளிடம் போனில், "எல்லாம் சரியாயிடுச்சி கவி" என்பார். என்னிடம், "பச்சப் புள்ளக்காரி, அவகிட்ட ஒன்னும் சொல்லாத" என்று வாயைக் கட்டிப்போட்டிருந்தார்.

உளுந்தூர்பேட்டையில் பஸ் மாறினோம். எலவனாசூர்கோட்டை தாண்டியதும் இரண்டு பக்கமும் மரவள்ளியும் கரும்பும். ஒன்பதரைக்குக் கள்ளக்குறிச்சி. வாசலிலேயே கவிதா குழந்தையை அவர் பக்கம் நீட்டினாள். "தூங்கட்டும் தூங்கட்டும்" என்று சொல்லி உள்ளே போய்விட்டார். குழந்தை கண்ணைக் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வாடகைக் கார். மருமகனுக்கு ஞாயிற்றுக்கிழமையும் கடை உண்டு என்பதால் நாங்கள் மூன்று பேரும் குழந்தையும்தான். ஓட்டிவந்தவர் ஜாபர் பாய். மலைக்குப் போய்வர இரண்டாயிரத்து ஐந்நூறு, பேரம் பேசினால் நூறு குறையும், நான் பேசினேன். கச்சிராயபாளையம் வரை சமவெளி, சுமார் பதினாறு கிலோமீட்டர். கோமுகி அணையைக் கடந்ததும் ஏற்றம் தொடங்குகிறது. முன் சீட்டில் இருந்த எங்கள் ஆள் ஒவ்வொரு வளைவுக்கும் வெறும் தரையை மிதித்தார்.

"அண்ணே, நீங்க ஏன் பிரேக்கு போட்டுகினு வர்றீங்க? அது எங்கிட்டதான் கீது" என்றார் பாய்.

"பழக்க தோசம் பாய். நீங்க ஓட்டுங்க" என்று சிரித்தார். எத்தனையோ மாதம் கழித்து அவர் சிரித்தார் என்று பின் சீட்டில் நான் குறித்துக்கொண்டேன்.

கரியாலூரில் பனி இன்னும் விலகவில்லை. படகு குழாமில் அரை மணி நேரம், பிறகு வெள்ளிமலை, பிறகு பெரியார் நீர்வீழ்ச்சி. தை மாதத்தில் தண்ணீர் கம்மிதான். கொட்டும் அருவி வேண்டுமென்றால் ஐப்பசி, கார்த்திகையில் வாருங்கள். எனக்கு இந்த மெல்லிய தண்ணீரே பிடித்திருந்தது, குழந்தை மிரளாமல் பார்த்தது. அவர் மட்டும் பத்தடி தள்ளி, பையில் கையை விட்டபடி நின்றார்.

கவிதா என் காதருகே வந்தாள். "பொண்ணா பொறந்துட்டான்னு அப்பாக்கு வருத்தமாம்மா? ரெண்டு நாளா ஒரு வாட்டிகூட தூக்கல."

உண்மை தொண்டை வரைக்கும் வந்தது. "லூசு மாதிரி பேசாத" என்று மட்டும் சொன்னேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இப்படியே ஊர் திரும்பினால் அப்பாவும் மகளும் ஆயுசுக்கும் ஒருத்தரை ஒருத்தர் தப்பாக நினைத்துக்கொண்டிருப்பார்கள் என்று இறங்கும் வழியெல்லாம் கவலையாக இருந்தது. இரவு எட்டு மணிக்கு எங்களுக்குப் பஸ்.

சாயங்காலம் ஐந்தரைக்கு, ஊருக்குள் போட்டிருந்த பொருட்காட்சிக்கு நான்தான் எல்லோரையும் இழுத்துக்கொண்டு போனேன். ராட்டினம், டெல்லி அப்பளம், பாத்திரக் கடை. ஒரு மூலையில் பிள்ளைகள் கூட்டம். மேசையில் ஆறு ஓட்டை, அதில் துணி எலிகள் தலை நீட்டும், பஞ்சு சுற்றிய சுத்தியலால் மண்டையில் போட வேண்டும். சென்னையில் பெரிய மால்களில் மின்சாரத்தில் ஓடுமே, அதே விளையாட்டுதான். ஆனால் இங்கே மெஷின் கிடையாது. மேசையைச் சுற்றித் தரைவரை நீலத் துணி தொங்கியது, உள்ளே ஓர் ஆள் உட்கார்ந்து குச்சியில் கட்டிய எலிகளை ஏற்றி இறக்குகிறார். ஒரு நிமிட ஆட்டம், முப்பது ரூபாய்.

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளிருந்து "ஐயோ" என்று குரல். துணியை விலக்கிக்கொண்டு ஒரு பெண் உருண்டு வெளியே வந்தாள், பெயர் செல்வி. கெண்டைக்கால் நரம்பு பிடித்துக்கொண்டு துடித்தாள். அவள் புருஷன் ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கப் போயிருக்கிறான். வரிசையில் நின்ற பிள்ளைகள், "அக்கா, காசு குடுத்தாச்சு" என்று கத்தின.

எங்கள் ஆளுக்கு ஒரு கூட்டம் காத்து நிற்பதைப் பார்க்கப் பொறுக்காது. "நீ கால நீட்டிக்கினு உக்காரும்மா. உள்ள இன்னா பண்ணணும், சொல்லு" என்றார்.

"ஒன்னும் இல்லீங்கண்ணா. அந்தாண்ட கைக்கு மூணு குச்சி, இந்தாண்ட கைக்கு மூணு. மேல வுடணும், அடி வுழறதுக்குள்ள இழுத்துக்கணும். வாங்கிட்டா கீச்சுன்னு கத்தணும்."

அவர் குனிந்து உள்ளே போய்விட்டார். யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால் போயிருக்க மாட்டார். உள்ளே இருந்தால் கையை யாரும் பார்க்க முடியாதே, அதுவும் ஒரு தைரியம்தான்.

பிள்ளைகள் அடித்தன, எலிகள் கீச்சிட்டன, ஒரு எலி மட்டும் பஸ் ஹாரன் மாதிரி கத்தியது. நாலைந்து ஆட்டம் ஆனதும் நான் முப்பது ரூபாய் கொடுத்துச் சுத்தியலை வாங்கினேன். உள்ளே அவர் என்னைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார், அதனால் அவருடைய இடது கை எனக்கு வலப்பக்கம். எங்கள் வீட்டில் கொசு பேட் எப்போதும் என் கையில்தான், குறி தப்பாது. இடப்பக்கத்து எலிகளை நாலு தடவை சாத்தினேன். வலப்பக்கம் ஒன்றுகூட மாட்டவில்லை. தலை தெரியும், நான் ஓங்குவேன், எலி இருக்காது. கோபம் வந்து வலப்பக்கமே குறிவைத்து அடித்தேன். மேசைக்குத்தான் வலித்திருக்கும்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சுத்தியலைப் பிடித்தபடி நின்றுவிட்டேன், கண்ணில் தண்ணீர். அடி நின்றுபோனதும் வலப்பக்கத்து எலி ஒன்று மெதுவாக எழும்பி இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தது.

"இன்னா, அடிக்க தெம்பு இல்லியா?" என்றது மேசை.

"ஏங்க, நான்தான். உங்க எடது கை எலிய ஒன்னுகூட அடிக்க முடியலங்க."

எலி அப்படியே நின்றது. பிறகு சின்னக் குரலில், "நெஜமாவா?" என்றார்.

"சத்தியமா."

பக்கத்தில் குழந்தையோடு நின்ற கவிதா, "எடது கைக்கு இன்னாம்மா?" என்றாள். "உங்கப்பாவையே கேளு" என்றேன்.

மீதியைச் சொல்வதற்கு முன்னால், போகிறவர்களுக்குச் சில விஷயம், பிறகு மறந்துவிடுவேன். பெட்ரோலைக் கச்சிராயபாளையத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். மலையில் போன் அவ்வப்போது கிடைக்காது. கைக்குழந்தை என்றால் குல்லாவும் கூடுதலாக ஒரு துண்டும் வேண்டும், காலைக் குளிர் எதிர்பார்த்ததைவிட ஜாஸ்தி. சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போனால் நல்லது. முக்கியமாக, யாரையாவது சமாதானப்படுத்த நினைத்து அழைத்துப் போகிறீர்கள் என்றால் மலையை மட்டும் நம்பாதீர்கள். மலை அழகாக இருக்கும், அவ்வளவுதான். கூட்டமும் சத்தமும் உள்ள இடத்துக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

செல்வியின் புருஷன் வந்த பிறகுதான் அவர் வெளியே வந்தார். தலையெல்லாம் தூசி, சட்டை முழுக்க மண். நேராகக் கவிதாவிடம் போய் இரண்டு கையையும் நீட்டினார்.

"மொதல்ல கைய கழுவிக்கினு வாப்பா" என்றாள் அவள்.

நான் பாட்டிலைச் சாய்க்க, கழுவினார். கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கவி, இந்தக் கை இன்னும் முழுசா சரியாவல. புள்ளய போட்டுடுவனோன்னு பயம். அதான் தூக்கல."

"இத சொல்றதுக்கு இன்னாப்பா?" என்றாள். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் அந்தப் பக்கம் அப்பளக் கடையைப் பார்த்தேன்.

கவிதா குழந்தையை அவருடைய இடது கையில் தலை வரும்படி வைத்தாள். தன் கையை அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டே நின்றாள். அவர் மூச்சுகூட விடாமல் பேத்தியைப் பார்த்தார். பேத்தி அவர் தலையில் ஒட்டியிருந்த நூலைப் பார்த்தது. ராட்டினம் ஒரு சுற்று முடிந்து நின்று, ஆட்கள் ஏறி, மறுபடியும் கிளம்பியது. கவிதா அடியிலிருந்த தன் கையை மெல்ல எடுத்துக்கொண்டாள். அவர் அதைக் கவனிக்கவே இல்லை.