எந்தப் பிரிவு, எப்போது

நாடாளுமன்றக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் அவருக்குப் பூட்டு என்று பெயர். நேருக்கு நேர் பார்த்தால் பூட்டு சார். அவருக்கு அதில் வருத்தம் இல்லை. குழு அமர்வுகளில் பேசப்படுவதைச் சுருக்கெழுத்தில் எடுத்து, பிறகு தட்டச்சு செய்து கொடுப்பது அவருடைய வேலை. அவர் இருந்த குழு வெளியுறவையும் பாதுகாப்பையும் கவனிப்பது. கதவைச் சாத்திக்கொண்டு பேசுவதுதான் அங்கே அதிகம். மனைவி இருந்த காலத்தில், "உங்க வாயிலேர்ந்து ஒரு சேதி வரணும்னா பல் டாக்டரைத்தான் கூட்டிட்டு வரணும்" என்பாள். அவள் போய் நான்கு வருடமாகிறது. இப்போது கேலி செய்யவும் வீட்டில் மகள் ஒருத்திதான்.

அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. அமர்வு முழுவதையும் ஒருவரே எழுதுவதில்லை. பத்து நிமிடம் ஒருவர், அடுத்த பத்து நிமிடம் இன்னொருவர். முறை முடிகிறபோது அடுத்தவர் பின்னால் வந்து தோளைத் தொடுவார். பேச்சு நிற்காமல், நாற்காலி மட்டும் கை மாறும். எழுந்து போனவர் தன் அறையில் உட்கார்ந்து தன் பங்கைத் தட்டச்சு செய்வார். மூடிய அமர்வு என்றால் கண்டிப்பு இன்னும் அதிகம். ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்கக் கூடாது, அதைப் பற்றிப் பேசவும் கூடாது. துண்டுகளை ஒட்டுவது குழுச் செயலாளரின் பொறுப்பு.

ஆகவே பணிக்காலம் முழுக்க அவர் கேட்டதெல்லாம் நடுவில் தொடங்கி நடுவில் முடிந்தவை. கோபித்துக்கொண்டு எழுந்த உறுப்பினர் மறுபடி உட்கார்ந்தாரா, மழுப்பிய அதிகாரி கடைசியில் ஒப்புக்கொண்டாரா, எதுவும் தெரியாது. "அப்பா சினிமாவுக்குப் போனா இடைவேளையில எழுந்து வந்துடுவாரு" என்று மகள் சொல்வாள்.

அவருக்கு அடுத்த முறை ஓர் அம்மாளுடையது. இரண்டு பேரையும் சேர்த்து 'பகலும் ராத்திரியும்' என்பார்கள். ஒருவர் வந்தால் மற்றவர் போயாக வேண்டும். இத்தனை வருடத்தில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு டீயை முழுதாகக் குடித்ததில்லை. ஆனாலும் மகள் கல்யாணத்துக்கு அந்த அம்மாள் வந்தார். ராணுவ உடுப்பில் நின்ற மாப்பிள்ளையின் கையில் சுவர்க் கடிகாரம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார்.

நட்பு நாட்டோடு செய்துகொண்ட பாதுகாப்பு ஒப்பந்தத்தைப் பற்றி அன்று மூடிய அமர்வு. சபையைக் கேட்காமல் அரசு படை அனுப்பலாமா என்பது விவாதம். குழுத் தலைவி முன்னாள் வக்கீல். குரலை உயர்த்தமாட்டார். பதில் வரும்வரை அதே கேள்வியை அதே குரலில் கேட்டுக்கொண்டிருப்பார். பாதுகாப்பு அமைச்சர் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"அனுப்புறதா முடிவாயிடுச்சா?"

"கொள்கையளவில ஆயிடுச்சு."

"கொள்கை கப்பல் ஏறாது, அமைச்சரே. ஆள்தான் ஏறணும். யாரு ஏறப்போறாங்க?"

அமைச்சர் பக்கத்தில் இருந்த அதிகாரியைப் பார்த்தார். "பாலம் கட்டுற பிரிவுகள்ல ஒண்ணு."

"எந்தப் பிரிவு? எப்போ?"

அமைச்சர் தண்ணீர் டம்ளரைக் கையில் எடுத்தார். இவர் தோளில் கை பட்டது.

பழகிய உடம்பு தானாக எழுந்தது. அந்த அம்மாள் உட்கார்ந்தார். கதவு சாத்திக்கொண்டபோது உள்ளே அமைச்சர் தொண்டையைச் செருமுவது கேட்டது.

பாலம் கட்டும் பிரிவுகள் நாட்டில் இரண்டே இரண்டு. ஒன்று வடக்கே மலையடிவாரத்தில் இருந்தது. மற்றது துறைமுக நகரத்தில். மாப்பிள்ளை துறைமுகப் பிரிவில் இருந்தான்.

தன் அறையில் அவர் தன் பங்கைத் தட்டச்சு செய்தார். கடைசி வரியை அடித்து, சரிபார்த்து, மறுபடியும் சரிபார்த்தார். அது கேள்வியாகவே இருந்தது. அனுப்பிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு எழுந்து நடைவழியின் கோடியிலிருந்த அந்த அம்மாளின் அறைக்குப் போனார். முறை முடிந்து வந்து, ஒலிப்பதிவைக் கேட்கும் கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு அடித்துக்கொண்டிருந்தார் அந்த அம்மாள்.

"என்ன சார், அதிசயமா இந்தப் பக்கம்?"

"ஸ்டேப்ளர் பின் தீந்துபோச்சு."

பூட்டு சாரிடம் ஒரு பொருள் தீர்ந்துபோய் அந்த மாடியில் யாரும் பார்த்ததில்லை. அந்த அம்மாள் இழுப்பறையைத் திறந்து பின் டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார்.

"மாப்பிள்ளை எப்படி இருக்காரு?"

"இருக்காரு."

"பொண்ணு?"

"இங்கதான், என்கூட. ரெண்டு பேருக்கும் ஏதோ சின்னச் சண்டை."

அந்த அம்மாள் காதிலிருந்ததைக் கழற்றி வைத்தார். "தண்ணி பிடிச்சுட்டு வர்றேன் சார். நம்ம மாடிக் குழாய் ரிப்பேரு, கீழ போகணும். வர நேரமாகும். உக்காருங்க" என்றார். அந்த அம்மாள் எடுத்துக்கொண்டு போன பாட்டிலில் முக்கால்வாசி தண்ணீர் இருந்தது. திரையை அணைக்கவில்லை.

பூட்டு சார் உட்கார்ந்தார். திரை இடப்பக்கம், கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருந்தது. கண்ணின் ஓரத்தில் வெள்ளைப் பக்கமும், எழுத்தாகத் தெரியாத கறுப்பு வரிகளும் இருந்தன. கழுத்தைக் கொஞ்சம் திருப்பினால் போதும். அவர் எழுந்து ஜன்னலுக்குப் போய் வெளியே பார்த்து நின்றார். கீழே ஓர் ஓட்டுநர் கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வேலை போய்விடும், சிறைக்குப் போக நேரும் என்பதெல்லாம் அப்போது மனதில் பெரிதாக வரவில்லை. கப்பல் கிளம்பும் முன் தேதி வெளியே போனால் அதில் இருக்கிற எல்லாருக்கும் ஆபத்து. அந்த எல்லாரில் மாப்பிள்ளையும் இருக்கலாம். அதோடு, இன்று திரும்பிவிட்டால் இத்தனை வருடம் திரும்பாமல் இருந்ததற்கு என்ன அர்த்தம் என்றும் தோன்றியது. ஓட்டுநர் முன்கண்ணாடியை முடித்துவிட்டுப் பக்கக் கண்ணாடிக்கு வந்தார்.

அந்த அம்மாள் திரும்பி வந்து வாசலிலேயே நின்றார்.

"வெளிய என்ன சார் இருக்கு?"

"வண்டி துடைக்கிறாங்க."

"இவ்வளவு நேரம் அதையா பாத்தீங்க?"

"ஆமா."

அந்த அம்மாள் உள்ளே வந்தார். உட்கார்ந்து கருவியைக் காதில் மாட்டிக்கொண்டார். இவர் வாசலைத் தாண்டும்போது, அந்த அம்மாள் தலையைத் தூக்காமல், "பின்னை விட்டுட்டுப் போறீங்க" என்றார்.

மகள் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். சாயங்காலம் வந்ததும் வராததுமாகச் செருப்பை உதறினாள்.

"உங்க மாப்பிள்ளை போன் பண்ணாருப்பா. நான் நாளைக்கே அங்க கிளம்பி வரணுமாம். ரெண்டு நாள் லீவாம்."

"திடீர்னு என்ன லீவு?"

"நானும் அதைத்தான் கேட்டேன். சும்மாதான்னாரு. சும்மா லீவு குடுக்கறதுக்கு மிலிட்டரி என்ன மாமியார் வீடா?" அவள் நாற்காலியில் சாய்ந்தாள். "என்னைக் கேக்காம என் ஸ்கூட்டரைத் தூக்கி சிநேகிதனுக்குக் குடுத்தாரில்ல, அவன் கண்ணாடியை உடைச்சுக் கொண்டுவந்து நிறுத்தினானில்ல. ஒரு வார்த்தை, தப்புதான்னு வந்துச்சா? ஒரு வாரம் காயட்டும். அடுத்த ஞாயித்துக்கிழமை போறேன்."

அவர் கையிலிருந்த செய்தித்தாளை மடித்தார். அவர் கேட்டது பாதி. மீதியில் ஒரு பங்கை இந்த லீவு சொல்லிவிட்டது. அங்கே மாப்பிள்ளையும் சும்மாதான் என்றுதான் சொல்ல முடிந்திருக்கிறது.

"நீங்க என்னப்பா சொல்றீங்க? போகவா, வேண்டாமா?"

எந்த அப்பாவும் சொல்லக்கூடிய வார்த்தைதான்: போயிட்டு வாம்மா. ஆனால் இவர் எதற்கும் அப்படிச் சொல்கிறவர் இல்லை. சொன்னால் அவள் முகத்தைப் பார்ப்பாள். பார்த்தால் தெரிந்துகொள்வாள். துறைமுகத்து ராணுவக் குடியிருப்பில் இருக்கும் சிநேகிதிகளுக்கெல்லாம் போன் போட்டுவிடுவாள்.

"உன் இஷ்டம்மா."

"எல்லாத்துக்கும் இதே பதில். கல்யாணத்துக்கும் இதான் சொன்னீங்க." அவள் சிரித்துக்கொண்டே முகம் கழுவப் போனாள்.

மறுநாள் காலை அவள் வேலைக்குக் கிளம்பியபோது அவர் வாசல்வரை பின்னாலேயே வந்தார். அவள் திரும்பி, "என்னப்பா?" என்றாள்.

"மழை வரும்போல இருக்கு. குடை எடுத்துக்க."

வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அவள் மேலே பார்த்துவிட்டு, அவரையும் பார்த்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு போனாள்.

அந்த வாரக் கடைசியில் சேதி வெளியே வந்தது. உள்நாட்டில் யாரும் சொல்லவில்லை. கடல் தாண்டி வேறொரு நாடு நம் மொழியில் நடத்தும் வானொலி சொன்னது. பாட்டுக்காக மகள் அதைச் சமையலறையில் வைத்துக் கேட்பாள். சில மாதம் முன்னால் குழுவில் ஓர் உறுப்பினர், "இந்தக் காலத்துல வெளிநாட்டு ரேடியோவை யாருங்க கேக்குறாங்க?" என்று கேட்டதும், எல்லாரும் சிரித்ததும் அவருடைய முறையில்தான் வந்தது. 'சிரிப்பு' என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தார்.

துறைமுகத்திலிருந்து பாலம் கட்டும் படைப் பிரிவோடு கப்பல் புறப்பட்டுவிட்டது என்றும், நட்பு நாட்டின் கரையை அது நெருங்குகிறது என்றும் செய்தி வாசித்த பெண் நல்ல உச்சரிப்போடு சொன்னாள். சமையலறையில் குழாய் நின்றது. மகள் போன் போடுவது கேட்டது. மறுபடி போட்டாள். பிறகு ஈரக் கையோடு கூடத்து வாசலில் வந்து நின்றாள்.

"உங்களுக்குத் தெரியுமாப்பா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நம்பவும் நம்பியிருப்பாள்.

"பாதி தெரியும்."

"பாதின்னா?"

"ரெண்டு பிரிவுல ஒண்ணு போகுதுன்னு தெரியும். எதுன்னு காதுல விழலை. என்னிக்குன்னும் விழலை. அதுக்குள்ள என் முறை முடிஞ்சிடுச்சு."

அவள் கையைப் புடவையில் துடைத்தாள். "பாதி போதுமேப்பா" என்றாள். குரல் உயரவில்லை. "போம்மான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போயிருப்பேன். ஏன்னு கேட்டிருக்க மாட்டேன்."

"கேட்டிருப்பேம்மா நீ."

அவள் யோசித்தாள். "கேட்டிருப்பேன். ஆனா போயிருப்பேன்."

மூன்றாம் நாள் அவள் துறைமுக நகரத்துக்குக் கிளம்பினாள். கப்பலிலிருந்து பேச விட்டால் அவர் குடியிருப்பு வீட்டு போனுக்குத்தான் கூப்பிடுவார், அங்கே ஆள் இருக்க வேண்டும் என்றாள். கண்ணாடிக் கடையில் கணக்கை முடித்துவிட்டு வந்திருந்தாள். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில்வரை போனார். வண்டி நகர்ந்தபோது அவள் கையசைத்தாள். கோபம் இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அதன்பிறகு வீட்டில் சத்தமென்றால் அவர் போடுகிற சத்தம்தான். சமையலறையில் வானொலி இருந்தது. அதை அவர் போடவும் இல்லை, எடுத்து வைக்கவும் இல்லை. அலுவலகத்தில் அந்த அம்மாள் வழக்கம்போலத் தோளைத் தொட்டு நாற்காலியை வாங்கிக்கொண்டார். ஒரு நாள் மட்டும் நடைவழியில் நின்று, "சேதி ஏதாவது வந்துச்சா சார்?" என்று கேட்டார். "இன்னும் இல்லை" என்றார். அந்த அம்மாள் தலையாட்டினார். இருவரும் ஆளுக்கொரு பக்கம் போனார்கள்.

விவகாரம் சபைக்கு வந்தது. இப்போது கதவு திறந்திருந்தது, தொலைக்காட்சியும் இருந்தது. ஆள் போதவில்லை என்று அன்று அவரைச் சபைக்கு அனுப்பியிருந்தார்கள். எதிர்க்கட்சி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, படைவீரர்களின் வீட்டாருக்காவது சொன்னீர்களா, அவர்களும் வெளிநாட்டு ரேடியோவில்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமா என்று கேட்டார். அமைச்சர் எழுந்தார். சம்பந்தப்பட்ட குடும்பங்கள் அனைத்துக்கும் முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டுவிட்டது என்றார்.

கேள்வியும் பதிலும் ஒரே முறைக்குள் வந்துவிட்டன. அவர் எழுதினார். அறைக்கு வந்து ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டார். சொல் மாறவில்லை. அனைத்துக்கும் என்றுதான் சொல்லியிருந்தார். பொய்யைப் பொய் என்று எழுத அந்த வேலையில் குறி கிடையாது. மற்ற வீடுகளைப் பற்றி அவருக்குத் தெரியாது. தன் வீட்டைப் பொறுத்தவரை அதை முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. குடும்பத்தில் ஒருவருக்கு முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டுத்தான் இருந்தது. பக்கத்தை அனுப்பினார்.

அன்று சாயங்காலம் மகள் பேசினாள்.

"டிவில காட்டினாங்கப்பா. எல்லா வீட்டுக்கும் முன்னாடியே சொல்லிட்டாங்களாமே."

"ம்."

"அதை எழுதினது நீங்களா, அந்த அம்மாவா?"

"நான்தான்."

"எப்படி எழுதினீங்க?"

"அவர் சொன்னபடியே."

 அந்தப் பக்கம் குடியிருப்புக் குழந்தைகள் எதற்கோ கத்தி விளையாடுவது கேட்டது. அவள் பேசட்டும் என்று அவர் காத்திருந்தார்.

"சாப்பிட்டீங்களா?" என்றாள்.

"ஆச்சு. நீ?"

"ஆச்சுப்பா."

அவர் அடுப்பே மூட்டியிருக்கவில்லை. அவளும் சாப்பிட்டிருக்க மாட்டாள் என்று குரலில் தெரிந்தது. அதைக் கேட்கலாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோதே அவள், "சரி, வெச்சிடறேன், அவர் கூப்பிட்டாலும் கூப்பிடுவாரு" என்றாள்.